ஆடியும் மார்கழியும் வாங்கிக் கொடுத்த கார்

பண்ணாரி அம்மன் கோயிலைத் தாண்டியதும் ஏசியை அணைத்துவிட வேண்டும். பதிமூன்று வருடமாக எங்கள் வீட்டில் இதுதான் சட்டம். மாமனார் ஊர் தாளவாடி. அங்கே போக திம்பம் மலை ஏறியாக வேண்டும்; 27 கொண்டை ஊசி வளைவு. 2012இல் வாங்கிய எங்கள் வேகன் ஆர் நல்ல வண்டிதான், குறை சொல்ல மனசு வராது. ஆனால் நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், மாமியார், அவர் ஈரோட்டில் வாங்கிய இரண்டு மூட்டைச் சாமான் எல்லாம் ஏறினால், ஏசியை அணைத்தாலும் வளைவுக்கு வளைவு ஃபர்ஸ்ட் கியர்தான். முன்னால் ஒரு கரும்பு லாரி போனால் முடிந்தது கதை.

அதனால், “குடும்பம் உட்கார்ற வண்டியா இருக்கணும், ஆனா மிதிச்சா போகணும்” என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. வண்டி ஓட்டுவது நான்தான். வீட்டுக்காரருக்கு மலை ஏறினால் தலை சுற்றும்.

பார்த்தது ஹூண்டாய் ஐ20 என்-லைன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செய்கிற வண்டி. 998 சிசி டர்போ பெட்ரோல், 120 குதிரைத்திறன். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, 172 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுக்கிற பலம், இன்ஜின் மெதுவாகச் சுற்றும் 1500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும் என்பது. வேகன் ஆரில் 90தான். நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். பின்னால் இரட்டைக் குழாய் சைலன்சர், அங்கங்கே சிவப்புக் கோடு. மகனுக்கு அது போதும். உள்ளே முழுக்கக் கறுப்பு. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, “சினிமா கொட்டாய்க்குள்ள உக்காந்த மாதிரி இருக்குது” என்றார்.

இனி விலைக் கதை.

என் அப்பா மாட்டுத் தரகராக இருந்தவர். கருங்கல்பாளையம் சந்தையில் அவர் துண்டு போட்டுப் பேரம் பேசுவதைச் சின்ன வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். விற்பவர் கையையும் தன் கையையும் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். சுற்றி இருபது பேர் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாது. வாய் மட்டும் “மாடு நல்ல மாடுதானுங்க, பல்லுதான் கொஞ்சம்...” என்று வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும். எனக்கு அந்த வித்தை வரவில்லை. நான் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். பில்லில் ஒவ்வொரு வரியாகப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. இந்தப் பேரத்தில் ஆளுக்குப் பாதி வேலை செய்தோம் என்று சொல்லலாம்.

முதலில் ஷோரூம் போனது 2025 ஆகஸ்ட் இரண்டாவது வாரம். ஆடி மாதம். சேல்ஸ் தம்பி ஒருவர், இருபத்தைந்து வயது இருக்கும், காபி கொடுத்து உட்கார வைத்து, “ஆடி ஆஃபர் மேடம், இந்த வாரம் புக் பண்ணாத்தான் கிடைக்கும், அப்புறம் விலை ஏறும்” என்றார். நான் பர்ஸைத் திறந்துவிட்டேன். ஐயாயிரம் டோக்கன்தானே என்று. அப்பாதான், “ஆடியில எவனாச்சும் வண்டி எடுப்பானா, எந்திரி” என்று ஒரே வார்த்தையில் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். வழியெல்லாம் அவரோடு நான் பேசவில்லை.

ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் ஜிஎஸ்டி குறையப் போகிறது என்றார். செப்டம்பர் 3 கவுன்சில் கூட்டத்தில் முடிவாகி, 22ஆம் தேதி அமலுக்கு வந்தது. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் இருந்தால், செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆனது. நான் பார்த்த வண்டி அந்தக் கட்டத்துக்குள் வருகிறது. பத்து லட்சத்தைத் தொட்டும் தொடாமலும் இருந்த என்6 என்ற ஆரம்ப மாடல் ஒன்பதேகால் லட்சத்துக்குள் இறங்கியது. அப்பாவோடு மறுபடி பேச ஆரம்பித்தேன்.

உடனே ஓடவில்லை. தீபாவளி சமயத்தில் ஊரே ஷோரூமில்தான் இருந்தது. கூட்டம் முண்டியடிக்கிற கடையில் எவன் விலை குறைப்பான்? டிசம்பர் வரட்டும் என்று இருந்துவிட்டேன். கார் விற்பவர்களுக்கு டிசம்பர் ஒரு மாதிரியான மாதம். ஜனவரி பிறந்தால் யார்டில் நிற்கிற வண்டியெல்லாம் ‘போன வருட வண்டி’. நம் ஊரில் அதற்கு மேல் ஒன்று, டிசம்பர் பாதியில் மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் புது வண்டி எடுக்க நம்மவர்கள் யோசிப்பார்கள். மாத டார்கெட், வருட டார்கெட் இரண்டும் கழுத்தை நெரிக்கிற நேரத்தில் ஷோரூம் காலியாக இருக்கும். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. பொம்மை கிறிஸ்துமஸ் மரம் ஒன்றும் நாங்களும்தான்.

இங்கே ஒரு தடங்கல். என்6 பார்க்கப் போன எனக்கு, தம்பி அதற்கு மேலான என்8 மாடலைக் காட்டினார். போஸ் ஸ்பீக்கர். மகன் உள்ளே ஏறி உட்கார்ந்தவன் இறங்கவே இல்லை. “ஒரு லட்சம்தான் மேடம் வித்தியாசம், இஎம்ஐயில பார்த்தா தெரியவே தெரியாது.” ஒரு லட்சமா என்று அங்கேயே போனில் தட்டிப் பார்த்தேன். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் இந்த விலைக்குக் கார் வாங்குகிற பலர் இதைக் கவனிப்பதில்லை.

நம் மாநிலத்தில் ஆயுள்கால ரோடு டாக்ஸ் 2023 நவம்பரில் ஏறியது. காரின் விலை ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை என்றால் 13 சதவீதம். பத்தைத் தாண்டி இருபது வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, மொத்தத்துக்கும். அதாவது 9,99,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,870. 10,01,000 ரூபாய் வண்டிக்கு 1,80,180. இரண்டாயிரம் ரூபாய் ஏறினதுக்கு ஐம்பதாயிரம் அபராதம் மாதிரி. போதாததற்கு பத்து லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டிசிஎஸ் வேறு, விற்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டுகிற வருமான வரி. அது வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் முதலில் நம் கையிலிருந்து போக வேண்டும்.

என்6 மேனுவலை 9,15,000 என்று ரவுண்டாக வைத்துக்கொள்ளுங்கள்: வரி ஏறக்குறைய 1,19,000. என்8 பத்தேகால் லட்சம் என்று வைத்தால் வரி 1,84,500. ஸ்பீக்கருக்காக விலையில் 1,10,000, வரியில் 65,000, இன்சூரன்சில் கொஞ்சம். ஒன்றே முக்கால் லட்சம். மகனிடம், “கண்ணு, உனக்குத் தனியா ஹெட்போன் வாங்கித் தர்றேன்” என்றேன். ஆட்டோமேட்டிக் வேண்டாம் என்று முன்பே முடிவு. ஆறு கியர் மேனுவல்தான். மலையில் கியரை நான் போட வேண்டும், அது போடக் கூடாது.

சரி, என்6. “ஆன்ரோடு எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க தம்பி” என்றேன். கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. வண்டி 9,15,000. ரோடு டாக்ஸ் 1,18,950. இன்சூரன்ஸ் 46,200. ரிஜிஸ்ட்ரேஷன், நம்பர் பிளேட், பாஸ்ட்டேக் எல்லாம் சேர்த்து 6,000. ஹேண்ட்லிங் சார்ஜ் 8,500. அக்சசரீஸ் பேக் 21,900. எக்ஸ்டெண்டட் வாரண்டி 14,700. மொத்தம் 11,31,250. அடியில் சிவப்பு மையில் ஸ்பெஷல் டிஸ்கவுண்ட் 15,000, அதைச் சுற்றி ஒரு நட்சத்திரம்.

எல்லோரும் அந்த நட்சத்திரத்தைத்தான் பார்ப்போம். பதினைந்தை இருபதாக்கு, இருபதை இருபத்தைந்தாக்கு என்று அங்கேயே மல்லுக்கட்டுவோம். நான் பேனாவை எடுத்து மேலிருந்து வந்தேன்.

அரசாங்கத்துக்குப் போகிறதை விட்டுவிடலாம், அதில் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. இன்சூரன்ஸ் அப்படி இல்லை. புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆயிரம் சிசிக்குள் என்பதால் அதன் பிரீமியம் 6,521 ரூபாய்தான், எங்கே போட்டாலும் அதே. மீதி நாற்பதாயிரத்தில் பெரும்பகுதி சொந்தச் சேதத்துக்கும், தேய்மானம் கழிக்காத ‘பம்பர் டு பம்பர்’ காப்பீட்டுக்கும். அதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி, ஏஜென்டுக்கு ஏஜென்ட் விலை மாறும். முந்தின நாள் ராத்திரியே இணையத்தில் பார்த்து வைத்திருந்தேன். அதே அளவு கவர், 31,600. போனைத் திருப்பிக் காட்டினேன்.

“எங்ககிட்ட போட்டாத்தான் கேஷ்லெஸ் மேடம்.”

“இந்தக் கம்பெனி உங்க லிஸ்ட்டுல இருக்குதே தம்பி. உங்க சர்வீஸ் சென்டர் சுவத்துல ஒட்டியிருக்கிறீங்க, நான் வரும்போதே பார்த்தேன்.”

அந்தத் தம்பி பாவம், சிரித்துவிட்டார். மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போனார்.

ஹேண்ட்லிங் சார்ஜுக்கு நான் சண்டை போடவில்லை. “இதுக்குத் தனியா ஜிஎஸ்டி பில் வருமா? எந்தத் தலைப்புல போடுவீங்க? நான் கணக்கு எழுதுறவ, அதான் கேக்கறேன்” என்று மட்டும் கேட்டேன். இந்தக் கேள்விக்கு இரண்டு பேர் வந்து இரண்டு விதமாகப் பதில் சொன்னார்கள். மூன்றாவது தாளில் அந்த வரியே இல்லை.

அக்சசரீஸ் பேக்கில் என்ன இருக்கிறது என்று பிரித்துக் கேட்டேன். மேட், மட்ஃபிளாப், கதவு ஓரத்துக்குப் பட்டை, சீட் கவர், ஒரு வாசனை டப்பா, ஒரு துடைக்கிற துணி. சிவப்பு நூல் போட்டுத் தைத்த சீட்டுக்காகத்தானே இந்த மாடலே, அதன் மேல் கவர் எதற்கு? மேட்டும் மட்ஃபிளாப்பும் சும்மா கொடுங்கள், மீதி வேண்டாம் என்றேன்.

இதற்குள் இன்னொரு வேலையும் செய்திருந்தேன். பக்கத்து ஊரில் இதே கம்பெனிக்கு வேறு முதலாளியின் ஷோரூம் இருக்கிறது. அங்கே போனிலேயே கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு கொட்டேஷன் வாங்கியிருந்தேன். அதில் டிஸ்கவுண்ட் 30,000. எங்கே வாங்கினாலும் நம் ஆர்டிஓவில் பதிந்துகொள்ளலாம். அதை எடுத்துக் காட்டும் நேரம் வந்தபோது அப்பா என் முழங்கையைத் தட்டினார். வேண்டாம், இப்போது இல்லை என்று அர்த்தம்.

மேனேஜர் வந்தார். அப்பா அவரிடம் விலையே பேசவில்லை. ஊர் கேட்டார். பெருந்துறைப் பக்கம் என்றதும் அங்கே மழை எப்படி, கிணத்தில் தண்ணி இருக்கிறதா என்று போனது பேச்சு. கால் மணி நேரம். நடுவில், “வருசக் கடைசிங்க, இந்த மாசம் எத்தன வண்டி குறையுதுங்க உங்களுக்கு?” என்று சும்மா கேட்பது மாதிரி ஒன்று. அந்த மனிதர் வாய் தவறி, “ஏழு வண்டிங்கய்யா” என்று சொல்லிவிட்டார்.

அப்பா துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மேஜையில் யாருக்கு அவசரம் என்பது மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது.

வாட்ஸ்அப்பைக் காட்டினேன். “இங்கதான் வாங்கணும்னு ஆசை, சர்வீஸ் விட நடந்துகூட வந்துக்கலாம். முப்பத்தஞ்சு குறைச்சா இன்னிக்கே பணம் கட்டறேன்.” லோன் எனக்கு பேங்கில் ஏற்கெனவே சாங்ஷன் ஆகியிருந்தது. ஆனால் அதுவரை, “ஃபைனான்ஸ் பத்தி அப்புறம் பேசிக்கலாம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கார் விற்பதில் டீலருக்கு நிற்கிற லாபம் கொஞ்சம்தான், லோன், இன்சூரன்ஸ், அக்சசரீஸ் கமிஷனில்தான் கடை ஓடுகிறது. லோன் தங்களிடம் எடுப்பார்கள் என்ற நம்பிக்கை இருக்கிறவரை வண்டி விலையில் கொஞ்சம் இறங்குவார்கள். இது நியாயமா என்று கேட்டால், கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. நட்சத்திரம் போட்ட தாளை நினைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது.

பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கேட்டார்கள். 1,10,000 என்றும் மேலே போனஸ் 20,000 என்றும் சொன்னார்கள். எங்கள் மெக்கானிக் 1,55,000க்கு எடுத்துக்கொள்வதாக முன்பே சொல்லியிருந்தார். அவருக்கே கொடுத்தேன். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, ஆர்சியில் பெயர் மாறுகிற வரை விடாமல் நச்சரித்தேன்.

கடைசியில் நின்ற கணக்கு: டிஸ்கவுண்ட் 35,000. இன்சூரன்ஸ் வெளியில். ஹேண்ட்லிங் இல்லை. அக்சசரீஸுக்குக் காசு இல்லை. வாரண்டி 10,000க்கு இறங்கியது. அதை நானே விரும்பி வைத்துக்கொண்டேன், டர்போ வண்டி, பின்னால் எதற்கு வம்பு. ரோடு டாக்ஸ் மட்டும் டிஸ்கவுண்டுக்கு முந்தின விலைக்கே என்றார்கள். எல்லாம் சேர்த்து 10,46,550. முதல் தாளின் மொத்தத்துக்கும் இதற்கும் 84,700 வித்தியாசம். அதில் ‘டிஸ்கவுண்ட்’ என்று பெயர் உள்ளது பாதிகூட இல்லை.

பணம் கட்டும் முன் வண்டியைக் காட்டச் சொன்னேன். யார்டில் கூட்டிப்போய் ஒரு சிவப்பு வண்டியைக் காட்டினார்கள். கழுவித் துடைத்து பளபளவென்று இருந்தது. குனிந்து டயரைப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 0925 என்று இருந்தது. 2025இல் ஒன்பதாவது வாரம், மார்ச் மாத வாக்கில். ஒன்பது மாதம் வெயில் மழையில் நின்ற வண்டியாக இருக்கலாம். அப்பா மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “எத்தன பல்லு?” என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேறு வண்டி கேட்டேன். மூன்றாவது வண்டியில் 3825 இருந்தது, செப்டம்பர். சிவப்பு இல்லை, வெள்ளை. மகனுக்கு வருத்தம்தான். சேஸிஸ் எண்ணைப் புக்கிங் தாளில் எழுதி வாங்கி, ஓடோமீட்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். 11 கிலோமீட்டர்.

மிச்சம் இருந்தது மார்கழி. ஷோரூமுக்கு டிசம்பர் 31க்குள் பில் போட்டுப் பதிவு முடிய வேண்டும். அப்பாவுக்கு மார்கழியில் வண்டி வாசலுக்கு வரக் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் முடித்தோம். பில்லும் பதிவும் டிசம்பர் 29, டெலிவரி தை 5, அதாவது ஜனவரி 19. நடுவில் மூன்று வாரம் வண்டி அவர்களிடம் கூரைக்கு அடியில் நிற்க வேண்டும், வாரண்டி டெலிவரி நாளிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டையும் எழுதி மேனேஜர் கையெழுத்துப் போட்டார். இன்சூரன்ஸில் மூன்று வாரம் வீணாகிறதே என்று கணக்குப் பிள்ளை மூளை முணுமுணுத்தது. அப்பாவின் பஞ்சாங்கம் ஆடியில் எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்ததை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

தை 5 அன்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து, நேரே பண்ணாரி. அங்கிருந்து மலை. மாமியார் பழக்க தோஷத்தில், “ஏசிய அமத்து சாமி” என்றார். அமத்தவில்லை. மூன்றாவது கியரில் ஏறியது. வளைவில் இரண்டாவதுக்கு இறக்கி மிதித்தால் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி. சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கம்தான், தாளவாடி வேகத்தடைகளில் பின் சீட்டிலிருந்து சத்தம் வந்தது, வண்டியிலிருந்து இல்லை, மாமியாரிடமிருந்து.

ஊர் திரும்பிய அன்று சாயங்காலம் பக்கத்துத் தெருப் பெரியவர், அப்பாவோடு சந்தையில் இருந்தவர், வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்ன விலை என்றார். அப்பா வாயைத் திறக்கவில்லை. துண்டை எடுத்துப் போட்டு அவர் விரலைப் பிடித்தார். பெரியவர் யோசித்து, “பரவால்லீங்க” என்றார்.

மட்ஃபிளாப் மட்டும் இன்னும் வரவில்லை. ஸ்டாக் இல்லையாம். வாரா வாரம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்தத் தம்பிக்குப் போன் செய்கிறேன்.